பிடித்த பெண் பாத்திரம்: அவள் கையில் என்ன வேலை இருக்கிறது?

குன்னூர் வாசகி
கதைகளில் பிடித்த பெண் யார் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும்: துணிச்சல்காரி, தியாகி, புதுமைப்பெண். இந்த இழையில் மூன்றையும் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவோம். பாத்திரத்தின் பெயர், நூல், எந்த இடத்தில் அவள் மனசில் உட்கார்கிறாள், அந்த இடத்தை எழுதியவர் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கத் தோதான பகுதியையும் குறித்துவிட்டால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.

நான் பூங்குழலியில் தொடங்குகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’வின் முதல் அத்தியாயத்துக்கே அவள் பெயர்தான். அடுத்த அத்தியாயம் ‘சேற்றுப் பள்ளம்’. அவளைத் துரத்திக்கொண்டு ஓடும் வந்தியத்தேவன் கோடிக்கரைப் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான், அவள்தான் காப்பாற்றுகிறாள். அவள் வீரமானவள் என்று கல்கி அங்கே வாதாடவே இல்லை. எந்த இடம் கெட்டித் தரை, எந்த இடம் சேறு என்று அவளுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அதுவரை எல்லோரையும் பேச்சாலேயே ஏமாற்றிவிட்டு வந்த ஒருவனுக்கு முன்னால், நிலத்தைத் தெரிந்த ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதன் பிறகு இலங்கைக்குப் படகு வலிப்பவளும் அவள்தான். துடுப்பு அவள் கையில் இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கங்களில் அவள் சொல்வதுதான் சட்டம்.

என் கருத்து இது: ஒரு பெண் பாத்திரம் நிலைக்க வேண்டுமானால் அவளுக்கு ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டும், அந்த வேலை கதையைத் திருப்ப வேண்டும். மறுத்துப் பேசுங்கள்.

தாண்டிக்குடி
மறுக்கத்தான் வந்திருக்கிறேன் அக்கா. அதே நாவலில் வரும் நந்தினிக்கு என்ன வேலை? பல்லக்கில் போகிறாள், திரையை விலக்குகிறாள், பேசுகிறாள். ஆனாலும் அந்த ஐந்து பாகத்தில் அவளை மறந்தவர் யாரும் இல்லை.

அவளைக் கட்டிய விதம் வேறு. பெரிய பழுவேட்டரையரிடம் அவள் ஒருத்தி, ஆதித்த கரிகாலன் நினைவில் வேறொருத்தி, ரவிதாஸன் கூட்டத்துக்கு மூன்றாமவள், வந்தியத்தேவனுக்குப் பனை இலச்சினை மோதிரம் கொடுத்தவள். ஆளுக்கு ஒரு நந்தினி. இத்தனைக்கும் நடுவில் உண்மையானவள் எவள் என்று தேடுவதே வாசகருக்கு வேலையாகிவிடுகிறது. 1950லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் என்பதை மறக்கக் கூடாது. அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வைக்கிற ஆள் வேண்டும். அந்தப் பாரத்தைப் பாதிக்கு மேல் சுமந்தவள் நந்தினி. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் செத்த பிறகும், கொன்றது யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லவில்லை. எழுபது வருஷமாக அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். மணியம் வரைந்த அந்தச் சாய்ந்த கொண்டைக்கும் இதில் பங்குண்டு.

குன்னூர் வாசகி
பேச்சும் ஒரு தொழில்தானே? நந்தினி ஒவ்வோர் உரையாடலுக்குள்ளும் ஒரு நோக்கத்தோடுதான் நுழைகிறாள், அதைச் சாதித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். அவளை என் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் வாசகருக்கு வேலை வைக்கிறாள் என்று சொன்னீர்களே, அதை நான் யோசிக்கவில்லை.

கோத்தகிரிக் கொழுந்து
வேலை என்றதும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தேயிலைக் காட்டுப் பெண்ணை எழுதுகிறவர்களில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பனி, பச்சைச் சரிவு, கூடை, பாட்டு என்று ஒரு படம் வரைந்துவிட்டு அதற்குள் பெண்ணை நிறுத்திவிடுகிறார்கள். அவள் செய்வது எதுவும் தெரிவதில்லை.

கொழுந்து கிள்ளுவது ஒரு குருத்தும் இரண்டு இலையும். பருவத்தைப் பொறுத்து ஏழிலிருந்து பதினான்கு நாளைக்குள் அதே வரிசைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். தாமதமானால் இலை முற்றிப்போகும், நாரோடு வரும், நிறுவையில் கழிப்பார்கள். மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று எடையைக் குறைப்பார்கள். புதர் ஈரம் சேலையை நனைக்காமல் இடுப்பில் படுதா கட்ட வேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்போ புகையிலையோ வேண்டும். கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது, முடிந்த காட்டில் சில மாதம் கிள்ள ஒன்றும் இருக்காது, வேறு வேலைக்கு அனுப்புவார்கள். இதில் ஒவ்வொன்றும் ஒரு கதைச் சிக்கல். எடை குறைத்தவனோடு சண்டை போடலாம், பேசாமலும் போகலாம். எதைச் செய்கிறாள் என்பதில் அவள் குணம் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு அவள் கண்ணை வர்ணித்து என்ன பயன்?

பி.எச். டேனியல் எழுதி 1969இல் ஆங்கிலத்தில் வந்த நூலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். அதில் வரும் வள்ளி இந்தச் சோதனையில் தேறுகிறாள். களம் நம் மலை இல்லை, ஆனைமலை. திருநெல்வேலிச் சீமை மயிலோடையிலிருந்து கருப்பனோடு புறப்படுகிறவள். மேஸ்திரி கொடுத்த முன்பணம் கடனாக மாறுவது, மலேரியா, தோட்டத்துத் துரைமார் என்று அவளைச் சுற்றி ஒவ்வொரு கதவும் எப்படிச் சாத்தப்படுகிறது என்பதைத் தோட்ட மருத்துவராக இருந்தவர் கணக்கோடு எழுதியிருக்கிறார். வள்ளி பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. ஆனால் அவளுக்கு ஏன் தப்ப வழியில்லை என்று நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அதனால்தான் அவளுக்காகப் பதறுகிறோம்.

மேல்குந்தா
கொழுந்து டீச்சர் ஆனைமலைக்குப் போய்விட்டார்களே! நம் மலையிலேயே ஒருத்தி இருக்கிறாள். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’, பாரு.

1963இல் வந்த நாவல். ராஜம் கிருஷ்ணனின் கணவர் மின் பொறியாளர்; அந்த வேலையை ஒட்டி நீலகிரியில் இருந்த காலத்தில் படகர் ஹட்டிகளை, அதாவது அவர்கள் ஊர்களை, பார்த்து எழுதியது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிதான் அதில் காலக் கணக்கு. ஜோகி, ரங்கன், கிருஷ்ணன் என்று ஆண்கள் மூன்று திசைக்குப் போகிறார்கள். ஒருவன் மரபைப் பிடித்துக்கொள்கிறான், ஒருவன் பணத்தை, ஒருவன் படிப்பை. பாரு பிடித்துக்கொள்வது மண்ணை. சாமையும் ராகியும் விளைந்த நிலம் தேயிலைக்கு மாறி, மின் திட்டமும் வந்து சேர்கிற காலத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது என்றால் என்ன விலை என்பதுதான் அவள் கதை.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. பாரு மாற்றத்தை எதிர்த்து மேடையில் பேசுவதில்லை. அவள் போக்கு பக்கத்துக்குப் பக்கம் ஒன்றாகவே இருக்கிறது; சுற்றியிருப்பவை மாறிக்கொண்டே போவதால் அவள் உயர்ந்து தெரிகிறாள். வெளியிலிருந்து வந்த ஒருவர் படகர் வாழ்க்கையை எழுதியதில் எது சரி, எது விடுபட்டது என்று எங்கள் பக்கத்தில் வாதம் உண்டு. சடங்குகளை விவரிக்கும் இடங்களில் ஆசிரியர் விளக்கம் சொல்கிற தொனிக்குப் போய்விடுகிறார். பாரு வரும் பக்கங்களில் அந்தத் தொனி இல்லை. நாவலின் உயிர் அங்கேதான்.

பூம்பாறை
யமுனாவைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. நாயகன் பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்காகவே அந்த நாவலை மறுபடி மறுபடி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தாண்டிக்குடி
யமுனா நிறையப் பேருக்குப் பிடிக்கும் பூம்பாறை, ஆனால் பெரும்பாலும் பாபுவின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். கடைசியில் அவள் அவனைக் கேட்கிற அந்தச் சின்னக் கேள்வியில் மட்டும் அவள் குரல் தனியாக ஒலிக்கிறது. தி. ஜானகிராமனில் எனக்கு முதலிடம் ‘அம்மா வந்தாள்’ அலங்காரத்தம்மாளுக்கு. கணவன் உண்டு, வீடு உண்டு, வேறொருவரோடு உறவும் உண்டு. பாவம் என்று அவளே நம்புகிற ஒன்றுக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். அவளுக்குத் தண்டனை கொடுக்கவோ, நியாயம் சொல்லவோ ஆசிரியர் அவசரப்படவில்லை. மகன் அவளைப் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம், தீர்ப்பு எழுதாமலே புத்தகம் முடிகிறது. 1966இல் இதை எழுதியதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல.

கூடலூர்ப் பக்கம்
நான் ஜமுனாவுக்கு வருகிறேன். யமுனா இல்லை, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஜமுனா. வேலை பற்றிய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமானவள் கிடைக்க மாட்டாள்.

சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வருவதில்லை. கைப்பம்பு அடித்தால் வருவது ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு வேறுபடும். லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். தோண்டிப்போட்ட தெருவில் சாக்கடை வேறு கலந்துவிடுகிறது. இதற்குள் ஜமுனா, சினிமாவில் சின்ன வேடம் செய்கிறவள். தங்கை சாயா, அவள் கணவன் ராணுவத்தில். கதாநாயகியாக்குகிறேன் என்று பாஸ்கர்ராவ் ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்கிறான். தங்கை கோபித்து வெளியேறுகிறாள். ஜமுனா சாகப் பார்க்கிறாள். அதுகூட நடுவில் தடைபட்டுவிடுகிறது.

இங்கே அசோகமித்திரன் செய்வதைக் கவனியுங்கள். அவளைத் தூக்கி நிறுத்தப் பெரிய வசனம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து டீச்சரம்மா ஆறுதல் சொல்லவில்லை. தன் கல்யாணம் எப்படி நடந்தது, எப்படிப்பட்ட நோயாளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்பதை உணர்ச்சி கூட்டாமல் சொல்கிறாள். மறுநாளும் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜமுனா மீள்வது அந்த வேலைக்குள்தான். குடத்தை நிரப்ப ஆள் வேண்டும், அதனால் எழுந்திருக்கிறாள். எழுந்தபின் மெல்ல மெல்ல அவளுக்கு ஒரு முதுகெலும்பு வருகிறது. கடைசியில் பாஸ்கர்ராவ் கூப்பிடும்போது போக மறுக்கிறாள். வயிற்றில் குழந்தை. இருநூறு பக்கம்கூட வராத நாவல்.

தண்ணீர்ப் பஞ்சம் ஒரு குறியீடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி மட்டும் வாசித்தால் ஜமுனா கரைந்துபோவாள். முதலில் அது தண்ணீர்தான். கோடையில் குன்னூரில் குடத்தோடு நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குன்னூர் வாசகி
கூடலூர் அண்ணா, என் கருத்தை நான் எழுதியதைவிட நீங்கள் நன்றாக எழுதிவிட்டீர்கள். வாசிப்புக்கு டீச்சரம்மா பேசும் பகுதியைக் குறித்துக்கொள்கிறேன்.

ஊட்டி படிப்பறை
கங்காவைக் கொண்டுவருகிறேன், கொஞ்சம் சண்டைக்கும்தான். ஜெயகாந்தன் 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள்; தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை அங்கே முடிகிறது. எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியப் புலம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். கங்கா வேலைக்குப் போகிறாள், தனித்து நிற்கிறாள், தன்னைக் கெடுத்த பிரபுவைப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தேடிப் போகிறாள். 1972இல் சாகித்திய அகாதமி விருது.

என் கேள்வி: இந்த இரண்டில் மனசில் நிற்கும் பெண் யார்? சிறுகதையில் அந்தத் தாய். ஒரே ஒரு செயல், ஒரு பாத்திரத் தண்ணீர். நாவலில் கங்கா. ஆனால் கங்காவின் உத்தியோகம் கதையைத் திருப்புவதே இல்லை. சம்பளம் இருப்பதால் யாரையும் நம்பாமல் இருக்கிறாள், அவ்வளவுதான். அவளை நிற்க வைப்பது வேலை அல்ல, அவள் எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்கிற விதம். வெங்கு மாமா வரும் காட்சிகளைப் பாருங்கள். அவர் செய்கிற அசிங்கத்தை அவள் முழுக்கப் புரிந்துகொள்கிறாள், எப்போது வாய் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறாள். அந்த யோசனைதான் கங்கா. குன்னூர் அக்காவின் விதி இவளுக்குப் பொருந்தாது.

கோத்தகிரிக் கொழுந்து
பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன் ஐயா. சம்பளம் இல்லாவிட்டால் அவளால் யோசிக்கவே முடியாது. மாமா காலடியில் கிடந்திருப்பாள். ஆனால் கங்காவின் பலவீனம் வேறு இடத்தில். சில பக்கங்களில் அவள் குரலுக்குப் பதில் ஜெயகாந்தன் குரல் கேட்கிறது. நீண்ட வாதங்கள் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. வாசிப்புக்கு அந்தப் பக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். 1977 படத்தில் லட்சுமி தேசிய விருது வாங்கியதால் கங்கா என்றாலே பலருக்கு அந்த முகம்; கூட்டத்தில் படத்தையும் நூலையும் கலந்து பேச ஆரம்பித்தால் திரும்ப இழுப்பது கஷ்டம். பூங்குழலிக்கும் இதே தொல்லை வரும். நூலில் அவள் சேந்தன் அமுதனை மணந்து அரசியாகிறாள். 2023இல் வந்த இரண்டாம் படத்தில் அந்த முடிவே இல்லை. எந்த வடிவத்தைப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மேல்குந்தா
ஆரோக்கியம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, 1994.

வேலையே ஒரு பெண்ணாக எழுந்து வந்தது மாதிரி தமிழில் வேறு பாத்திரம் இல்லை. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. வெளுப்பதோடு முடியவில்லை, இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்க வேண்டும், அறுவடைக் களத்தில் தன் பங்குக்கு நிற்க வேண்டும், பிரசவத்துக்கும் சாவுக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உரிமை உண்டு, ஒவ்வொன்றிலும் அவமானமும் உண்டு. காலம் மாறி, அவரவர் துணியை அவரவர் துவைக்கத் தொடங்கும்போது அந்த அவமானத்தோடு அவள் சோறும் சேர்ந்து போகிறது. மாற்றம் நல்லதா கெட்டதா என்று சட்டென்று சொல்ல முடியாதபடி வாசகரை நிறுத்திவிடுகிறார் இமையம்.

ஆரோக்கியம் பேசுவதுதான் நாவலின் பெரும் சொத்து. கெஞ்சுவாள், சபிப்பாள், ஒப்பாரி வைப்பாள், உரிமை கேட்பாள். நாலும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். களத்தில் அவள் நெல் கேட்கும் காட்சியை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மௌனமாக வாசித்தால் பாதிதான் கிடைக்கும். வாசிப்பவர் வட்டார வழக்கைத் திருத்தி வாசிக்கக் கூடாது என்பது முக்கியம். மெருகேற்றினால் ஆரோக்கியம் செத்துப்போவாள்.

பூம்பாறை
அப்படியானால் பேசவே விடாத பெண்ணை எங்கே வைப்பது? கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’ நாச்சியார். முதல் பாதியை அவள் அண்ணன் சொல்கிறான், பின் பாதியைக் கணவன் சொல்கிறான். பிறந்த வீட்டில் வேலைக்காரர்களுக்குக்கூட அள்ளி அள்ளிக் கொடுத்த பெண், புகுந்த வீட்டில் கணக்குப் பார்க்கிறவளாகிவிடுகிறாள். அவள் ஏன் மாறினாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை, கதையும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அவளைப் பிடிக்கிறதா, அவள் அண்ணன் சொன்ன பெண்ணைப் பிடிக்கிறதா என்று தெரியவில்லை.

தாண்டிக்குடி
கொடுப்பதும் அவள் வேலை, கணக்குப் பார்ப்பதும் அவள் வேலை. பிறந்த வீட்டில் செலவு அப்பா கணக்கு. புகுந்த வீட்டில் தட்டுப்பாடு வந்தால் அவள்தான் ஈடுகட்ட வேண்டும். அண்ணனும் கணவனும் இதைப் பார்க்கவில்லை. வாசகர் பார்க்க வேண்டும் என்றுதான் கி.ரா. இரண்டு பேரிடமும் கதையை ஒப்படைத்திருக்கிறார். கூட்டத்தில் இதை வாசிக்கும்போது இரண்டு பாதியையும் இரண்டு பேர் வாசியுங்கள். ஒருவரே வாசித்தால் சொல்கிறவர் மாறியது காதில் விழாது.

இதோடு சேர்த்து அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யையும் வைக்கலாம். பெரிய ராஜஸ்தானி வீடு, ஒடுங்கிய சமையலறை, சன்னலுக்கு வெளியே மலை. மீனாட்சி அந்த இடத்தை வசதியாக்கச் சொல்லிப் பேசுகிறாள். கிடைப்பது துணி காயப்போடும் கொடிகள், மலையும் மறைந்துவிடுகிறது. அதில் மாமியார் ஜீஜியை வில்லியாகப் பார்ப்பவர்கள் ஏராளம். அந்தச் சமையலறைதான் ஜீஜிக்குக் கிடைத்த ஒரே ஆட்சி என்பதைப் பார்த்துவிட்டால் அவள்மேல் கோபம் வராது.

ஊட்டி படிப்பறை
புதுமைப்பித்தனை விட்டுவிட்டு இந்த இழையை முடிக்க முடியாது. ‘சாப விமோசனம்’ அகலிகை. கல்லிலிருந்து எழுந்தவள், வனவாசம் முடிந்து வந்த சீதை, தன்னைத் தீயில் இறங்கச் சொன்னதைச் சொல்லக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். விமோசனம் கொடுத்தவன்தான் இதையும் கேட்டான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. இங்கே வேலையும் இல்லை, உத்தியோகமும் இல்லை. ஒரு முடிவு மட்டும். தமிழில் ஒரு பெண் பாத்திரம் சொன்ன மிகப் பெரிய ‘மாட்டேன்’ இதுதான் என்பேன்.

கூடலூர்ப் பக்கம்
ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அவள் எந்த விதிக்குள்ளும் வர மாட்டாள்.

வாசிப்பு வரிசைக்கு என் யோசனை: ‘சுழற்காற்று’ முதல் இரண்டு அத்தியாயம், பிறகு ‘கன்னிமை’ முழுவதும் இரண்டு குரலில், பிறகு ‘தண்ணீர்’ டீச்சரம்மா பகுதி, ஆரோக்கியத்தின் களத்துக் காட்சி, இறுதியில் ‘சாப விமோசனம்’. அகலிகையை முதலில் வாசித்தால் அதன் பிறகு யாருக்கும் பேச்சு எழாது. ‘குறிஞ்சித் தேன்’ பெரிய நூல், துண்டாக எடுத்தால் பாரு பிடிபட மாட்டாள். அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

பூம்பாறை
பெருமாள்முருகனின் பொன்னாவை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா? ‘மாதொருபாகன்’ முடித்துவிட்டேன். அடுத்து ‘ஆலவாய’னா, ‘அர்த்தநாரி’யா? எதை முதலில் எடுப்பது?

மேல்குந்தா
‘ஆலவாயன்’ எடுத்துக்கொள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற வெவ்வேறு தொடர்ச்சிகள். ஒன்றில் பொன்னாவின் கணவன் காளி இல்லை, மற்றொன்றில் இருக்கிறான். காளி இருக்கும் நூலில் அவன் கோபமும் அலைச்சலும் பாதிப் பக்கத்தைத் தின்றுவிடும். ‘ஆலவாய’னில் பொன்னாவும் அவள் காடும்தான். அதை வாசித்துவிட்டு ‘அர்த்தநாரி’க்குப் போனால், காளி கோபப்படும் ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பொன்னா நினைவுக்கு வருவாள். வரிசையை மாற்றினால் அது நடக்காது.